கனமான கரண்டு சைக்கிளுக்கு ஒத்தக் கால் ஸ்டாண்டா, ரெட்டக் கால் ஸ்டாண்டா?

போன மழைக்காலத்துல ஒரு நாள், காலைல ஆறு மணி இருக்கும், பர்மால எங்க மோல்மேன் ஊர் ஜேய்க்குப் (சந்தைக்குப்) பக்கத்துல ரோட்டோரமா சைக்கிள நிறுத்திட்டு டீக்கடைக்கு மாவு இறக்கிட்டிருந்தேன். கேரியர்ல ரெண்டு பக்கமும் ஆறு ஆறு வீசை, அதாவது பத்துப் பத்து கிலோ வாளி தொங்கும், இடது பக்க வாளிய கழட்டி கைல எடுத்தது தான், வலது பக்க வாளி இழுத்த இழுப்புல சைக்கிள் எனக்கு எதிர்ப்பக்கமா மெதுவா நிமிர்ந்து, ஒரு செகண்டு நின்னு, அப்படியே சாக்கடைக்குள்ள போய் விழுந்துருச்சு. ஒரு கைல வாளி, இன்னொரு கையால ஹேண்டில எட்டிப் பிடிக்கப் பாத்தேன், முடியல. அரிசியும் உளுந்தும் ஊறப் போட்டு, ராத்திரி மீ (கரண்டு) எப்ப வரும்னு முழிச்சிருந்து, வந்த உடனே கிரைண்டர போட்டு அரைச்ச மாவு, ஆறு வீசையும் சாக்கடைத் தண்ணில வெள்ளையா கலந்து ஓடுறத பாத்தப்ப அழுகையே வந்துருச்சு. பிரேக் லீவர் வளைஞ்சு போச்சு, ஆக்ஸிலேட்டர் பிடி உடைஞ்சு போச்சு, பேட்டரி பெட்டி மூலைல கீறல்.

அதுக்கப்புறம் ரெண்டு மாசம் ஸ்டாண்டு பத்தியே எல்லார்கிட்டயும் விசாரிச்சுட்டு திரிஞ்சேன், மூணு ஸ்டாண்டு மாத்தியும் பாத்தாச்சு. நம்ம பொம்பளைங்க நிறைய பேர் இப்ப பெட்ரோல் விலைக்கு பயந்து கரண்டு சைக்கிளுக்கு மாறிட்டாங்க, தட்டுல பூ கொண்டு போறவங்க, பால் ஊத்துறவங்க, புள்ளைங்கள டியூஷனுக்கு ஏத்திட்டுப் போறவங்க, எல்லாருக்கும் இதே தொல்லை இருக்கு. வாங்கும்போது மோட்டார் எத்தன வாட்டு, பேட்டரி எத்தன மைல் ஓடும்னு கேக்குறோம், ஸ்டாண்டு எப்படின்னு யாரும் கேக்குறதில்ல. அதனால நான் பாத்தது, பழகினது, வெல்டிங் பட்டறை ஸயா (மேஸ்திரி) சொல்லிக் குடுத்தது எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடலாம்னு தோணுச்சு.

முதல்ல வெயிட்டு. என் சைக்கிள் பெடல் வச்ச சைனா மாடல், இரும்பு ஃபிரேம், 48 வோல்ட். நாலு ஈய பேட்டரி, ஒவ்வொண்ணும் 12 வோல்ட் 12 ஆம்பியர், ஒண்ணு 4 கிலோவுக்கு மேல இருக்கும், நாலும் சேந்தா 16 கிலோவுக்கு மேல. பின் சக்கரத்துல மோட்டார். அரிசிக் கடைத் தராசுல ஏத்திப் பாத்தப்ப வெறும் சைக்கிளே 38 கிலோ, நம்ம கணக்குல 23 வீசை. அதுக்கு மேல 12 வீசை மாவு, கிட்டத்தட்ட 20 கிலோ. ஆக மொத்தம் 58 கிலோ. லித்தியம் பேட்டரி போட்ட சைக்கிள் வச்சிருக்கறவங்களுக்கு இதுல பத்து பன்னெண்டு கிலோ குறையும், அது பெரிய நிம்மதி. ஆனா எந்த சைக்கிளா இருந்தாலும் கூட வர்ற ஸ்டாண்டு சாதா சைக்கிளுக்கு போடற அதே ஒல்லிக் கால் தான், சாதா சைக்கிள் 15 கிலோ இருக்கும். அந்த ஒல்லிக் கால வச்சு நாலு மடங்கு வெயிட்ட தாங்கச் சொல்றோம்.

இப்ப நான் ரெண்டு மாசம் கழிச்சு தான் புரிஞ்சுகிட்ட ஒரு விஷயம், இத மட்டும் நல்லா கவனிச்சுக்கங்க. சைடு ஸ்டாண்டு பெரும்பாலும் எல்லா நாட்டு சைக்கிள்லயும் இடது பக்கம் தான் இருக்கும். நம்ம நாட்டுல 1970 டிசம்பர் 6-லருந்து வண்டி எல்லாம் ரோட்டுக்கு வலது பக்கமா ஓடுது, அதுக்கு முன்னாடி வெள்ளக்காரன் காலத்துலருந்து இடது பக்கம் தான். ரோடு நடுவுல உயர்ந்து ஓரத்துல தாழ்ந்து இருக்கும், தண்ணி சாக்கடைக்கு வடியணும்ல. அப்ப நாம வலது ஓரத்துல நிறுத்துறப்ப ஸ்டாண்டு நிக்கிற இடது பக்கம் மேடு, சக்கரம் நிக்கிற பக்கம் பள்ளம், சைக்கிள் ஸ்டாண்டு மேல சாயாம நெட்டுக்குத்தா நிமிர்ந்துரும், லேசா காத்தடிச்சாலே சாக்கடைப் பக்கம் கவுந்துரும். இந்தியாவுல இலங்கைல இடது ஓரமா நிறுத்துறாங்க, அங்க அதே ஸ்டாண்டு நல்லா சாஞ்சு நிக்கும். சென்னைல இருக்கற என் சின்னம்மா பொண்ணு "எங்க வண்டி அப்படி எல்லாம் விழாதேக்கா"ன்னு சொன்னப்ப எனக்கு இது பிடிபடல, ஒரு நாள் வேணும்னே சைக்கிளத் திருப்பி எதிர் திசையப் பாத்து நிறுத்திப் பாத்தேன், கல்லு மாதிரி நின்னுச்சு, அப்ப தான் விளங்குச்சு.

இதுக்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கு. ஸ்டாண்டோட காலடி சக்கரத்துலருந்து 20 செ.மீ. தள்ளி ஊணியிருக்குன்னு வச்சுக்கங்க, அந்தக் காலோட நீளம் 1 செ.மீ. கூடினாலோ குறைஞ்சாலோ சாய்வு கிட்டத்தட்ட 3 டிகிரி மாறிடும். சைக்கிள் சுமாரா 10 டிகிரி சாஞ்சு நின்னா தான் நல்லது. ரோட்டோரத்துச் சரிவு அதுல நாலஞ்சு டிகிரிய சாப்ட்ருச்சுன்னா மிச்சம் என்ன இருக்கு? ஒரு பக்க வாளிய எடுத்தாலே போச்சு. அதுக்காக கால ரொம்ப குட்டையா வெட்டிட்டாலும் தப்பு, ஏன்னா சாய்வு கூடக் கூட மொத்த வெயிட்டும் கால் மேல ஏறுது. 58 கிலோ வண்டி 10 டிகிரி சாஞ்சாலே பாதிக்கு மேல வெயிட்டு அந்த ஒத்தக் கால் மேல நிக்கும், வாளிங்க உயரத்துல இருந்தா இன்னும் கூட. ஒத்தக் கால்ல இந்த இழுபறி போகவே போகாது.

அந்த ஒத்தக் கால்லயே ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு பெடலுக்குப் பின்னாடி, ரெண்டு பைப்பும் சேர்ற இடத்துல ஒரு தகட்டுல 10 எம்எம் போல்ட் ஒண்ணே ஒண்ணு போட்டு முறுக்குறது. கடைல சும்மா மாட்டிக் குடுக்குறது எல்லாம் இது தான். என் சைக்கிளோட வந்ததும் இது தான். வெறும் சைக்கிளுக்கு, முன் கூடைல ஒரு கைப்பை வைக்கறவங்களுக்கு இது போதும், குறை சொல்ல மாட்டேன். ஆனா பின்னாடி பாரம் ஏத்துறவங்களுக்கு இது ஆகவே ஆகாது, கால் இருக்கறது நடுவுல, பாரம் இருக்கறது பின்னாடி. இன்னொரு தொல்லை, ஸ்டாண்டு போட்டபடி சைக்கிள பின்னால தள்ளினா இடது பெடல் வந்து ஸ்டாண்டு கால்ல இடிக்கும், இடிச்சு இடிச்சு போல்ட் லூசாகி கால் மெல்ல மெல்ல திரும்பிக்கும், அத டைட் பண்ண டைட் பண்ண பைப் நசுங்கும். என் ஃபிரேம்ல இப்பவும் அந்த நசுங்கின தடம் இருக்கு, விரல வச்சா குழி தெரியும்.

அடுத்தது பின் சக்கரத்து அச்சுக்குப் பக்கத்துல, இடது பக்க பைப்புல மாட்டுறது. இது உண்மையிலேயே நல்ல ஸ்டாண்டு. பாரத்துக்கு நேர் கீழ கால் வருது, பெடல்ல இடிக்காது, நீளத்த ஒரு பட்டன அமுக்கியோ ஸ்க்ரூவ லூஸ் பண்ணியோ கூட்டிக் குறைச்சுக்கலாம், ரோட்டோரச் சரிவுக்குத் தகுந்த மாதிரி 1 செ.மீ. குறைச்சு வச்சுக்கலாம். ஆனா உங்க சைக்கிள்ல அதுக்கான ஓட்டை இருக்கான்னு குனிஞ்சு பாருங்க. புது மாடல் ஃபிரேம்ல அந்தப் பைப்புல ரெண்டு மரை ஓட்டை பக்கத்துல பக்கத்துல இருக்கும், சிலதுல நடு இடைவெளி 18 எம்எம், சிலதுல 40 எம்எம். 40 எம்எம் உள்ளது தான் கனமான வண்டிக்குத் தோது, ரெண்டு போல்டும் அகலமா பிடிக்குது, காலத் திருகுற வேகத்த தாங்குது. அளக்காம ஸ்டாண்டு வாங்கிட்டு வந்தா மாட்ட முடியாது, ஸ்கேல் வச்சு ஓட்டை நடுவுலருந்து ஓட்டை நடுவுக்கு அளந்துட்டு கடைக்குப் போங்க.

ஓட்டை இல்லாத ஃபிரேமுக்கு கிளாம்பு போட்டு பைப்ப கவ்வுற மாதிரி ஸ்டாண்டு விக்குறாங்க. நான் ரெண்டாவதா மாட்டினது அது தான். இரும்பு பைப்புனால ஃபிரேமுக்கு ஒண்ணும் ஆகல, ஆனா மழைல கிளாம்புக்குள்ள இருக்கற ரப்பர் வழுக்கி வாரத்துக்கு ஒரு தடவ சுத்திக்கிச்சு. அலுமினிய ஃபிரேம் வச்சிருக்கறவங்க இந்த கிளாம்பு வகைய கனத்த வண்டிக்குப் போட்றாதீங்க, மெல்லிசு பைப், முறுக்குன இடத்துல நசுங்கினா அங்கயே தான் பிறகு விரிசல் விடும்.

அப்புறம் நம்ம தாத்தா காலத்து சைக்கிள் ஸ்டாண்டு, பின் சக்கரத்துக்குப் பின்னால 'ப' மாதிரி வளைச்ச கம்பி, அச்சு நட்டுல மாட்டி, கேரியர பிடிச்சு தூக்கி நிறுத்துறது. எங்க மாமனார் அதத் தான் போடச் சொன்னார், "அந்தக் காலத்துல மூட்டை மூட்டையா நெல்லு ஏத்துவோம்மா, அது அசையாது"ன்னு. அவர் சொன்னது சரி தான், சாதா சைக்கிளுக்கு அத விட உறுதியான ஸ்டாண்டு கிடையாது. ஆனா பின் சக்கரத்துல மோட்டார் இருக்கற வண்டிக்கு அத அச்சுல மாட்டவே கூடாது. மோட்டார் அச்சு ரெண்டு பக்கமும் தட்டையா சீவியிருக்கும், அந்தத் தட்டை ஃபிரேம் வெட்டுக்குள்ள இறுக்கமா உக்காந்து, மேல வாஷரும் நட்டும் பிடிச்சிருக்கறதுனால தான் அச்சு சுத்தாம சக்கரம் மட்டும் சுத்துது. நடுவுல ஸ்டாண்டு தகடு ரெண்ட சொருகினீங்கன்னா நட்டுக்குப் பிடிமான மரை குறைஞ்சிரும், ஸ்டாண்டு ஏத்தி இறக்கற ஆட்டத்துல நட்டு லூசாகும், ஒரு நாள் ஏத்தத்துல ஆக்ஸிலேட்டர் திருகுறப்ப அச்சே சுத்தி, அச்சு வழியா வெளிய வர்ற ஒயர முறுக்கி அறுத்துரும். மோட்டார் போனா பெரிய செலவு. மாமனார்கிட்ட அந்த ஒயர காட்டி விளக்கினதும் அவரே வேணாம்னுட்டார்.

இனி ரெட்டக் கால். கனமான வண்டிக்கு இது தான்னு நான் முடிவுக்கு வந்துட்டேன், ஆனா ரெட்டக் கால்னு பேர் இருந்தா போதாது, எங்க மாட்டியிருக்கு, எவ்வளவு அகலம்ங்கிறது தான் எல்லாம்.

சிங்கப்பூர்ல இருக்கற என் அண்ணன் பொண்ணு படம் எல்லாம் அனுப்பி வச்சா, சுவிஸ் நாட்டு பிளெட்ஷர் கம்பெனில ஒரு ரெட்டக் கால் இருக்கு, மடக்குறப்ப ரெண்டு காலும் சேந்து இடது பக்கமா ஒதுங்கிக்கும், பாக்கவே அழகு. இத்தாலி உர்சஸ் கம்பெனியோட ஜம்போன்னு ஒண்ணு இருக்கு, அது பாரம் ஏத்துற சைக்கிளுக்குன்னே அகலமா செஞ்சது. யாராவது வெளிநாட்டுலருந்து கொண்டு வந்து குடுக்க ஆள் இருந்தா, அலுமினிய ஃபிரேம் வச்சிருக்கறவங்களுக்கு அந்த மாதிரி போல்ட் போடற ரெட்டக் கால் தான் சரி, ஏன்னா அலுமினியத்துல வெல்டு அடிக்கக் கூடாது, சூடு பட்ட இடத்துல அந்த உலோகம் பலம் குறைஞ்சு போயிரும், திரும்ப பதம் குடுக்க நம்ம ஊர் பட்டறைல வழி இல்ல. இங்க ஜேய்ல கிடைக்கறது அதையே பாத்து செஞ்ச சைனா சரக்கு, நான் மூணாவதா மாட்டினது அது. வெறும் சைக்கிளுக்கு பிரமாதமா நின்னுச்சு. வாளி ஏத்தினதும் ஆட்டம்.

ஏன்னு ஸயா தான் தரைல சாக்பீஸால வரைஞ்சு காட்டினார். நம்ம தெருக்கோடில பட்டறை வச்சிருக்கற மோன் இனத்துக்காரர் அவர், வயசு அறுபது இருக்கும், படகு எஞ்சின்லருந்து தையல் மெஷின் வரைக்கும் பாக்குறவர். ரெட்டக் கால் நடுவுல நிக்குது, பாரம் பின்னாடி இருக்கறதுனால பின் சக்கரம் தரைல, முன் சக்கரம் லேசா தூக்கிட்டு ஆடுது. அப்ப வண்டி நிக்கிறது மூணு புள்ளி மேல, ரெண்டு கால், ஒரு பின் சக்கரம். அந்த மூணையும் கோட்டால சேத்தா முக்கோணம். முக்கோணம் கால் இருக்கற இடத்துல அகலம், பின் சக்கரத்துக்குப் போகப் போக கூம்பிரும். வாளி தொங்குறது எங்க? அந்தக் கூம்பு முனைக்கு மேல. கால் எவ்வளவு அகலமா இருந்து என்ன, பாரம் நிக்கிற இடத்துல தாங்குறதுக்கு அகலம் இல்லையே. அவர் அந்த முக்கோணத்துக்குள்ள ஒரு டீ கிளாஸ வச்சு, பின்னால நகத்தி நகத்தி காட்டினார், கோடு ரெண்டும் கிளாஸ ஒட்டினாப்ல வந்ததும் "இது தான் உன் மாவு வாளி"ன்னார். அந்த ஒரு படம் எனக்கு எல்லாத்தையும் புரிய வச்சுருச்சு.

அப்ப செய்ய வேண்டியது, ரெட்டக் கால பின் சக்கரத்துக்கு ஒட்டி முன்னாடி கொண்டு போகணும், மோட்டார் சைக்கிள் சென்டர் ஸ்டாண்டு மாதிரி. ஸ்டாண்டு போட்டா பின் சக்கரம் தரைய விட்டு ஒரு விரக்கடை தூக்கி நிக்கும், முன் சக்கரமும் ரெண்டு காலும் தரைல. இப்ப முக்கோணத்தோட அகலமான பக்கம் பாரத்துக்கு நேர் கீழ. கால் ரெண்டுக்கும் நடுவுல 40 செ.மீ. வச்சார், கடை ஸ்டாண்டுல 30 தான் இருந்துச்சு. பாரத்தோட மொத்த நடுப்புள்ளி 70 செ.மீ. உயரத்துல இருந்தா, 30 செ.மீ. அகலத்துல 12 டிகிரி சாஞ்சாலே கவுந்துரும், 40-ல 16 டிகிரி வரைக்கும் தாங்கும். நாலு டிகிரி தானேன்னு நினைக்காதீங்க, ஒரு பக்க வாளிய எடுக்கறப்ப அந்த நாலு டிகிரி தான் காப்பாத்துது.

வெல்டு வேலைல நான் கூடவே உக்காந்து பாத்தேன், அதனால சிலத சொல்றேன், நீங்க பட்டறைல குடுத்தா கேட்டு வாங்கிக்கலாம். முதல் வேலையா பேட்டரிய கழட்டி வெளிய எடுத்துட்டார், மோட்டாருக்கு கரண்ட அளந்து விடற கன்ட்ரோலர் பெட்டியோட ஒயர், மோட்டார் ஒயர் எல்லா சாக்கெட்டையும் பிரிச்சுட்டார். வெல்டிங் கரண்டு ஃபிரேம் வழியா ஓடுறப்ப இதெல்லாம் மாட்டியிருந்தா கன்ட்ரோலர் கருகிரும். "ஒரு நிமிஷ வேலை தானே, அப்படியே அடிச்சுடலாம்"னு சொல்ற ஆள்கிட்ட வண்டிய குடுக்காதீங்க. கால் செய்ய முக்கால் இஞ்சு தண்ணி பைப், அது துத்தநாகம் பூசினது, வெல்டு அடிக்கற இடத்துல எல்லாம் அந்தப் பூச்ச கிரைண்டர்ல தேச்சு எடுத்துட்டு தான் அடிச்சார், இல்லாட்டி அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது, பிடிமானமும் பொத்தல் பொத்தலா வரும். கால் ரெண்டையும் குறுக்குப் பட்டை ஒண்ணு சேக்குது. ஃபிரேம்ல ரெண்டு தடிமனான பட்டை, அதுல பித்தளை புஷ் (போல்ட் சுத்துறதுக்கான சின்னக் குழாய்) போட்டு ஒரே நீள போல்ட். ஸ்பிரிங் ரெண்டு, ஒண்ணு அறுந்தா இன்னொண்ணு கால தூக்கிப் பிடிக்கும், ஓடுற வண்டில ஸ்டாண்டு கீழ தொங்கினா ஆள் பிழைக்கறது கஷ்டம், அதனால ஒத்த ஸ்பிரிங்ல திருப்திப்படாதீங்க.

இன்னொரு நுணுக்கம், கால் கீழ இறங்கினப்ப நேர் குத்தா நிக்கக் கூடாது, கொஞ்சம் முன்பக்கமா தாண்டி நிக்கணும், பத்து டிகிரி போல. அப்ப தான் வெயிட்டு விழ விழ அது தானா பூட்டிக்கும். நேர் குத்தா இருந்தா லேசா முன்னால தள்ளினாலே மடங்கிரும். இதே காரணத்துக்குத் தான் சரிவுல நிறுத்தறப்ப முன் சக்கரம் மேட்டப் பாத்து இருக்கணும். நம்ம ஊர்ல பகோடா இருக்கற குன்று பக்கம் போற தெரு எல்லாம் சரிவு தானே, முன் சக்கரம் பள்ளத்தப் பாத்து நின்னா வண்டி தானா முன்னால நகந்து ஸ்டாண்டுலருந்து இறங்கி ஓடிரும்.

காலடி பத்தி தனியா சொல்லியே ஆகணும். வருஷத்துக்கு 4000 மில்லிமீட்டருக்கு மேல மழை பெய்யற ஊரு, மே மாசம் பிடிச்சா அக்டோபர் வரைக்கும் தரை காயாது, செம்மண்ணு குழைஞ்சு கிடக்கும். கடை ஸ்டாண்டோட காலடி ஒரு நாணயம் அளவு உருண்டை ரப்பர். 25 கிலோ வெயிட்டு இரண்டரை செ.மீ. வட்டத்துல இறங்கினா ஒரு சதுர செ.மீ.க்கு 5 கிலோ, செம்மண்ல ஆணி மாதிரி இறங்கும். அதே 25 கிலோவ 7 செ.மீ.க்கு 7 செ.மீ. தகட்டுல பரத்தினா பத்துல ஒரு பங்கு தான் அழுத்தம். ஸயா ரெண்டு காலுக்கும் அந்த அளவுக்கு இரும்புத் தகடு வெட்டி, நாலு மூலையும் மழுக்கி, ஓரத்த லேசா மேல வளைச்சு வெல்டு வச்சுக் குடுத்தார். சாணில வச்சா கூட முங்கறதில்ல. வேற ஸ்டாண்டே மாத்த முடியாதவங்க, இருக்கற ஒத்தக் காலுக்கு இந்தத் தகட்ட மட்டுமாவது வெல்டு வச்சுக்கங்க. அதுவும் முடியலன்னா ஒரு தேங்கா சிரட்டைய கவுத்துப் போடறத விட ஒரு துண்டுப் பலகைல ஓட்டை போட்டு கயிறு கட்டி ஹேண்டில்ல மாட்டி வச்சுக்கங்க, இறக்கிப் போட்டு நிறுத்திட்டு, எடுக்கறப்ப கயிற இழுத்தா கைக்கு வந்துரும், குனிய வேண்டாம்.

எல்லாம் சொல்லிட்டு ரெட்டக் காலோட கஷ்டத்தையும் சொல்லணும்ல. தூக்கி நிறுத்தணும். 58 கிலோவ நிறுத்தறதுக்கு முதல் வாரம் என் இடுப்பு விட்டுப் போச்சு. அப்புறம் பழக்கம் வந்துச்சு, கைய விட கால் தான் வேலை செய்யணும், ஸ்டாண்டோட மிதி கம்பி மேல பாதத்த வச்சு உடம்பு வெயிட்ட முழுசா அதுல ஏத்தணும், இடது கை ஹேண்டில நேரா பிடிக்க, வலது கை கேரியர மேல இழுக்க, ரெண்டு காலும் ஒரே நேரத்துல தரைல பட்டதா 'டக்'னு சத்தம் கேக்கும், அப்ப அழுத்தினா தானா ஏறிரும். மிதி கம்பிய நீளமா வைக்கச் சொல்லுங்க, எனக்கு முதல்ல 8 செ.மீ. வச்சுட்டு அப்புறம் 14 ஆக்கினார், பாதி பலம் போதும்னு ஆச்சு. ஆனாலும் முழங்கால் வலி உள்ளவங்க, வயசானவங்க, நிமிஷத்துக்கு ஒரு வீட்டு வாசல்ல நிக்க வேண்டிய பால்காரங்க, இவங்களுக்கு வெறும் ரெட்டக் கால் மட்டும் ஒத்து வராது. என் வண்டில இப்ப பின் அச்சுக்குப் பக்கத்துல ஒரு நல்ல ஒத்தக் காலும் வச்சிருக்கேன், இரும்பு ஃபிரேம்ங்கறதால 40 எம்எம் ஓட்டைக்கு ஒரு தகடு வெல்டு வச்சு மாட்டினது. ஆளு பக்கத்துல நின்னு ஒரு நிமிஷம் பேசறதுக்கு ஒத்தக் கால், வாளி ஏத்த இறக்க, பேட்டரி கழட்ட ரெட்டக் கால். கடைல போய் ரெண்டுல ஒண்ணு தான்னு சொன்னா நம்பாதீங்க, மோட்டார் சைக்கிள்ல ரெண்டும் இருக்குல்ல.

பேட்டரி கழட்டறதும் ஸ்டாண்டு விஷயம் தான். மீ எப்ப வருதோ அப்ப சார்ஜ் போடணும், வண்டி நிக்கிற இடத்துக்கு ஒயர் எட்டாது, பெட்டிய உருவி உள்ள கொண்டு போகணும். என் பெட்டி சீட்டுக்குப் பின்னாடி, மேல பாத்து உருவணும், மழைத் தண்ணில துரு ஏறி இறுக்கமா இருக்கும், இழுக்கற இழுப்புல ஒத்தக் கால்ல நிக்கிற வண்டி கூடவே எழும்பி வரும். கைல 16 கிலோ பெட்டி, பக்கத்துல சாயற வண்டி. எங்க பக்கத்து வீட்டு அக்காவுக்கு அப்படித் தான் கணுக்கால்ல விழுந்து பத்து நாள் நடக்க முடியாம கிடந்தாங்க. அதனால வீட்டு வாசல்ல நிறுத்தறப்ப ரெட்டக் கால் இல்லாட்டி சுவத்துல சாச்சு வச்சுட்டு மட்டும் உருவுங்க.

ஸ்டாண்டு எவ்வளவு நல்லதா இருந்தாலும் ரெண்டு விஷயம் கூட வேணும். ஒண்ணு, சக்கரம் உருளக் கூடாது. பழைய சைக்கிள் டியூப்ப ரெண்டு விரல் அகலத்துக்கு வளையமா வெட்டி ஹேண்டில்லயே மாட்டி வச்சுக்கங்க, நிறுத்தினதும் முன் பிரேக் லீவர அமுக்கி அந்த வளையத்த மேல ஏத்தி விட்டுருங்க, முன் சக்கரம் பூட்டின மாதிரி நிக்கும். காசே இல்லாத வேலை, ஆனா ஒத்தக் கால் வச்சிருக்கறவங்களுக்கு இதுவே பாதி ஸ்டாண்டு. முன் சக்கரம் ஒரு பக்கமா திரும்பிக்கிட்டு வண்டிய இழுக்குதுன்னா, இன்னொரு டியூப் துண்ட ஃபோர்க்குக்கும் ஃபிரேம் பைப்புக்கும் நடுவுல கட்டி விடுங்க.

ரெண்டாவது சாவி. இந்த வண்டி சத்தம் போடாது, சாவி போட்டபடி இருக்கறது தெரியாது. நிக்கிற வண்டில புள்ளைங்க ஏறி ஆக்ஸிலேட்டர திருகினா, ஒத்தக் கால்னா வண்டி அப்படியே பாயும், சென்டர் ஸ்டாண்டுல பின் சக்கரம் காத்துல வேகமா சுத்தும், பாவாடை, தாவணி, லுங்கி எது மாட்டினாலும் இழுத்துக்கும். சில வண்டில ஸ்டாண்டு இறங்கியிருந்தா மோட்டார் ஓடாத மாதிரி சுவிட்ச் இருக்கும், புதுசுல நல்லா வேலை செய்யும், நம்ம மழைல ஒரு வருஷத்துல துரு பிடிச்சு ஒண்ணு எப்பவுமே ஓடாது இல்லாட்டி எப்பவுமே ஓடும். அத நம்பாம, கால கீழ ஊணுறதுக்கு முன்னாடி சாவிய திருப்பி கைல எடுத்துருங்க.

ஆக யாருக்கு எதுன்னா, தனி ஆளா போய் வர்றவங்க, லித்தியம் பேட்டரி, பாரம் கிடையாது, பின் பைப்புல ஓட்டை இருக்கு, அப்படின்னா நீளம் மாத்தற ஒத்தக் கால் நல்லதா ஒண்ணு வாங்கி, 1 செ.மீ. குறைச்சு வச்சுகிட்டு, காலடிக்கு அகலமா ஏதாவது போட்டுக்கங்க, ரெட்டக் காலுக்கு காசு செலவழிக்க வேண்டாம். புள்ளைய பின்னால உக்கார வச்சுப் போறவங்க, பாரம் குறைவா இருந்தாலும் சரி, ரெட்டக் கால் தான் போடணும்னு சொல்வேன், புள்ளை ஏறி இறங்கறப்ப வர்ற குலுக்கல ஒத்தக் கால் தாங்காது, ஸ்டாண்டு எதுவா இருந்தாலும் புள்ளைய மேல உக்கார வச்சுட்டு கைய எடுக்கவும் கூடாது. பாரம் ஏத்துற இரும்பு ஃபிரேம்காரங்க கடை ஸ்டாண்டு தேடி அலையாம நேரா வெல்டிங் பட்டறைக்குப் போயிருங்க, நான் ரெண்டு கடை ஸ்டாண்டுக்கு குடுத்த காச கூட்டிப் பாத்தா ஸயாவுக்கு குடுத்தத விட கூட.

அந்த ஸ்டாண்டு போட்டு இப்ப எட்டு மாசம் ஆச்சு. மாசம் ஒரு தடவ புஷ்ஷுல கிரீஸ் வைக்கறேன், ஸ்பிரிங் கொக்கி தேயுதான்னு பாக்குறேன், வெல்டு ஓரத்துல துரு கோடு தெரிஞ்சா தேச்சுட்டு பெயிண்டு தொட்டு வைக்கறேன். நேத்தும் அதே டீக்கடை, அதே சாக்கடை ஓரம், நல்ல மழை. இடது பக்க வாளிய கழட்டி உள்ள குடுத்துட்டு, காசு வாங்கி, கடைக்காரம்மா குடுத்த லபேயே (டீ) ஒரு கிளாஸ் நின்னு குடிச்சுட்டு திரும்பி வந்தேன். வலது பக்கம் ஆறு வீசை தொங்கிட்டே இருந்துச்சு, வண்டி அசையல.